நீருக்கேற்ற கோல்



தூண்டில் போடுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களிடம் அவ்வெண்ணம் இன்னும் ஒரு படி மிகுதி. வகுப்பில் காணாத மாணவன் எங்கே என்று கேட்டால், "குளத்தங்கரையில் இருப்பான்" என்ற விடைதான் எங்கள் காதில் முதலில் விழும். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நான், இன்று உங்களிடம் கெண்டை மீனுக்குரிய தூண்டிற்கோலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு இந்தக் கல்வி எப்படிக் கிடைத்தது என்பதைச் சொன்னால் வியப்பு நீங்கும். அதைச் சொல்லுவதற்கு எனக்குச் சிறிது வெட்கமாகவும் இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து, செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் வேலையில் சேர்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். வாரத்தில் மூன்று நாளாவது காலை வணக்கம் முடிந்த பிறகே வருவான். கால்களில் சேறு உலர்ந்திருக்கும். கையில் இருக்கும் மூங்கிற்கோலை வேலியோரம் சாத்திவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல் வகுப்பிற்குள் நுழைவான். இருமுறை எச்சரித்தேன். மூன்றாம் முறை அந்தக் கோலை எடுத்து வரச்சொல்லி, வகுப்பின் முன்னிலையில் முழங்காலில் வைத்து முறித்தேன்.

முறித்தேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அது எளிதில் முறியவில்லை. முதன்முறை வில்லைப் போல வளைந்து, விட்டவுடன் நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் அப்படியே. பிறகு ஒரு முனையைத் தரையில் வைத்து, நடுவில் செருப்புக்காலால் மிதித்த பிறகுதான் பிளந்தது. அது இரண்டு முறை வளைந்து நிமிர்ந்தபோதே, இது சாதாரணக் குச்சியன்று என்பதை நான் உணர்ந்திருக்க வேண்டும். இளமையின் மிடுக்கு உணரவிடவில்லை. பையன் அழவில்லை. "தாத்தா கம்பு சார்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழிந்தது.

எட்டாம் நாள் அவன் வீட்டைத் தேடிப் போனேன். தாயும் தந்தையும் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். வீட்டில் பாட்டனும் பேரனும் மட்டுமே இருந்தனர். பெரியவருக்கு முழங்கால் வீங்கி ஏரிக்குள் இறங்க முடியாத நிலை. அந்தக் கோலில் அகப்படும் கெண்டையில் பாதி சட்டிக்கும் பாதி கடைத்தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் மீன் மேயும் நேரமும் பள்ளிக்கூட மணியடிக்கும் நேரமும் அடுத்தடுத்து இருந்ததுதான் அந்தப் பையன் செய்த குற்றம்.

பெரியவர் என்னைக் கடிந்து பேசவில்லை. "உட்காருங்க வாத்தியாரய்யா" என்று திண்ணையைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். வேறொரு கோல் வாங்கித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் சென்னைக்குச் சென்றபோது, கடையில் இருந்தவற்றுள் விலை உயர்ந்த ஒரு கோலை வாங்கி வந்தேன். கண்ணாடி இழையால் ஆனது, ஆறடி நீளம், கட்டைவிரல் பருமன், பார்வைக்கு மிகவும் உறுதியானது. பெரியவர் அதை வாங்கிப் பார்த்து, நுனியைச் சுவரில் ஊன்றி அழுத்தினார். அது வளையவில்லை. ஒன்றும் சொல்லாமல் பேரனிடம் கொடுத்தார். மூவரும் ஏரிக்குப் போனோம். கோரைப் புதரின் ஓரத்தில் பிண்ணாக்கு உருண்டையை இரையாக வைத்துப் பையன் தூண்டிலைப் போட்டான். அரை மணியில் தக்கை அமிழ்ந்தது. பையன் கோலை உயர்த்தினான். ஒரு பெரிய ரோகு நீர்மட்டத்தில் புரண்டதைக் கண்ணால் கண்டோம். அடுத்த நொடியில் பட்டென்று ஒரு சத்தம். நரம்பு அறுந்து காற்றில் ஆடியது.

"வளையாத கம்பு மீனைப் பிடிக்காதுங்க. நரம்பைத்தான் அறுக்கும்" என்றார் பெரியவர். அவர் மீனைப் பற்றித்தான் சொன்னார். நான் வேறொன்றையும் சேர்த்தே கேட்டுக்கொண்டேன்.

அன்று தொடங்கியது என் பாடம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆதலால் அந்த முறையிலேயே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுவோம். கெண்டைக் குலம் பெரிது. பாண்டியர் கொடியில் பொறித்த கயலும், நம் ஆறுகளிலே பிறந்த சேலும் அக்குலத்தவையே. கங்கை வெளியிலிருந்து நம் ஏரிகளுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்றும் அவ்வினத்தவையே. ஐரோப்பாவில் கெண்டை என்றாலே எண்ணப்படுகின்ற சாதாக் கெண்டை 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. சீனத்து ஆறுகளுக்குரிய புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் 1959-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. இவை அனைத்தும் ஒரே குலத்தவையாயினும் ஒரே இடத்தில் மேய்வன அல்ல. பெருந்தலையும் மேல்நோக்கிய வாயும் உடைய கட்லா நீரின் மேற்பரப்பில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும். எனவே கோலைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்த நீரில், எந்த ஆழத்தில், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும் மீனை நாடிப் போகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுகொள்ள வேண்டும். நான் சென்னையில் கோல் வாங்கியபோது இவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. விலையை மட்டுமே கேட்டேன்.

அடுத்தது, கோலின் வேலை என்ன என்பது. பலர் எண்ணுவது போல மீனைத் தூக்கிக் கரையில் போடுவது அதன் வேலையன்று. அதற்கு மூன்று வேலைகள் உள்ளன. இரையை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது முதல் வேலை. மீன் கடித்தவுடன் முள்ளை வாயில் தைக்கச் செய்வது இரண்டாவது. மீன் பாயும்போது அந்தப் பாய்ச்சலைத் தான் தாங்கிக்கொண்டு நரம்பை அறுபடாமல் காப்பது மூன்றாவது. மூன்றிலும் கடினமானது மூன்றாவதே. மாட்டுவண்டிக்கு வில் எப்படியோ, நரம்புக்குக் கோல் அப்படி. குலுக்கலை வில் வாங்கிக்கொள்ளாவிட்டால் அச்சு முறிகிறது. பாய்ச்சலைக் கோல் வாங்கிக்கொள்ளாவிட்டால் நரம்பு அறுகிறது.

இங்கே சிறிது கணக்கும் வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக் கோலின் அடியை இடுப்பில் ஊன்றி, அடியிலிருந்து 2 அடி தள்ளிக் கையால் பிடித்திருக்கிறோம். நுனியில் மீன் 1 கிலோ எடையளவு இழுக்கிறது. கோல் வளையாமல் நேராக இருந்தால் நம் கை 5 கிலோ தாங்கவேண்டும். கோல் 15 அடியானால், அதே பிடியில் கை ஏழரைக் கிலோ தாங்கவேண்டும். அதாவது கோல் நீளநீள வலு மீனின் பக்கம் சேருகிறது. ஆனால் கோல் வளையும்போது நுனி நம்மை நோக்கி நெருங்குகிறது. நெம்புகோலின் நீளம் குறைகிறது. கைக்குச் சுமையும் குறைகிறது. நீளம் தொலைவை எட்டுவதற்கு. வளைவு சுமையைக் குறைப்பதற்கு. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதுதான் தேர்வு.

வளைவு எவ்வளவு இருக்கவேண்டும்? இதற்கு ஓர் அளவுகோலை இங்கிலாந்தில் ரிச்சர்டு வாக்கர் என்பவர் வகுத்தார். கோலைக் கிடையாகப் பிடித்து அசையாமல் நிறுத்தி, நுனியை ஒரு தராசின் கொக்கியில் கட்டி இழுக்க வேண்டும். நுனி அடிக்குச் செங்கோணமாக வளையும்போது தராசு காட்டும் எடையே அக்கோலின் சோதனை வளைவு ஆகும். பவுண்டுக் கணக்கில் வரும் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால், அக்கோலுக்கு ஏற்ற நரம்பின் அறுபடும் வலிமை ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு பவுண்டு வளைவுக்கு ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் ஈயம் என்ற கணக்கில் எறியலாம். 3 பவுண்டுக் கோலானால் 15 பவுண்டு நரம்பும் 85 கிராம் ஈயமும் பொருந்தும். இது துல்லியமான விதியன்று, வழிகாட்டும் குறிப்பு.

வாக்கர் தாமே பிளந்த மூங்கிற் பட்டைகள் ஆறினை அறுகோணமாக ஒட்டி 10 அடி நீளத்தில் கோல் செய்தார். அதன் சோதனை வளைவு ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு, அதாவது 680 கிராம்தான். 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் ரெட்மியர் என்னும் சிறு குளத்தில் அவர் பிடித்த கெண்டையின் எடை 44 பவுண்டு. ஏறத்தாழ 20 கிலோ. முக்காற்கிலோ எடைக்கும் குறைவாகவே வளைந்து கொடுக்கின்ற கோல், 20 கிலோ மீனைக் கரை சேர்த்தது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தை அனுப்பிவிட்டு ஏரிக்கரையில் தனித்திருந்த நம் பெரியவர் வாக்கரின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் கோலைச் சோதித்த முறையும் இதுவே. பழைய கோலில் ஒரு சொம்பைக் கட்டி, அதில் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, வளைவைப் பார்ப்பாராம். கடையில் கோலைக் கையிலெடுத்துக் காற்றில் ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஒருவரை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மெல்ல உயர்த்தி, வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

அவ்வளைவு மூன்று வகைப்படும். நுனியில் மட்டும் வளைவது ஒன்று. பாதிவரை வளைவது ஒன்று. பிடிவரை முழுவதும் வளைவது ஒன்று. நுனி வளைவுக் கோல் தொலைவில் எறிவதற்கு நல்லது. முழு வளைவுக் கோல் அண்மையில் மீனைக் களைப்புறச் செய்வதற்கு நல்லது. இடைப்பட்டது இரண்டிற்கும் ஓரளவு உதவும். ஒரே ஒரு கோல்தான் வாங்க இயலும் என்பவர்கள் இடைப்பட்டதையே வாங்கலாம்.

இனி இடத்திற்கேற்ற கோல்களைப் பார்ப்போம்.

சிறு குளம், ஊருணி, தாமரையும் அல்லியும் படர்ந்த நீர்நிலை ஆகியவற்றில் மீன் கரையோரத்திலேயே மேயும். தொலைவில் எறியவேண்டிய தேவை இல்லை. ஆனால் முள் தைத்தவுடன் மீன் கொடிகளுக்குள் புகுந்து நரம்பைச் சுற்றிக்கொள்ளும். எனவே இங்கே 9 அல்லது 10 அடியில், முழுதும் வளைகின்ற, ஆனால் அடியில் வலுவுள்ள கோல் வேண்டும். நரம்பும் சற்றுத் தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய கோலை இங்கே கொண்டுபோனால் மீனைத் தடுக்க முடியாது. விறைத்த கோலைக் கொண்டுபோனால் என் சென்னைக் கோலின் கதைதான்.

கரையில் மரங்கள் கவிந்திருக்கும் வாய்க்காலிலும் மதகோரத்திலும் நீண்ட கோல் கிளையில் மாட்டிக்கொள்ளும். அங்கே 6 முதல் 8 அடி போதும். ஆனால் குட்டையான கோலும் வளையவேண்டும் என்பதை மறவாதீர்கள். குட்டை என்பது வேறு. கட்டை என்பது வேறு.

கோடையில் வற்றிக் கரையிலிருந்து நெடுந்தூரம் சேறாகிவிட்ட ஏரியில், கரையில் நின்றபடியே தக்கையைத் தண்ணீரில் வைக்க 14, 15 அடி மூங்கிற்கோல் உதவும். ரீல் என்னும் நரம்புருளை இல்லாமல், நுனியிலேயே நரம்பைக் கட்டுகின்ற நாட்டுக்கோல் இது. இதில் மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நரம்பு கிடையாது; உள்ளதெல்லாம் கோலின் வளைவும் கையின் நிதானமுமே. ஆகையால் இதன் நுனி சாட்டையைப் போல் மெலிந்திருக்க வேண்டும். கால்கிலோ, அரைக்கிலோ மீன்களுக்கு ஏற்றது. பெரிய கட்லாவை எதிர்பார்த்து இதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆற்றிலே நீரோட்டம் உண்டு. ஓட்டம் நரம்பை இழுத்துத் தக்கையைப் புரட்டிவிடும். நரம்பின் பெரும்பகுதி நீருக்கு மேலே நிற்கும்படி 12 அல்லது 13 அடிக் கோலை உயர்த்திப் பிடிக்கவேண்டும். இரை அடியில் தங்குவதற்குக் கனத்த ஈயம் வேண்டும். அந்த ஈயத்தைத் தாங்க நுனியும் சற்று வலுப்பெற்றிருக்க வேண்டும். ஓட்டத்தின் விசை மீனின் விசையோடு சேர்ந்துகொள்ளும் ஆதலால், குளத்தில் போதுமான கோல் ஆற்றில் போதாது.

நீர்த்தேக்கங்களின் வழக்கு வேறு. மேட்டூர், பவானிசாகர் போன்ற பெருநீர்ப் பரப்புகளில் மீன் கரையைவிட்டு விலகி நிற்கும். அங்கே 12 அடியில், ஏறத்தாழ 3 பவுண்டு சோதனை வளைவுடைய கோலும் நல்ல ரீலும் வேண்டும். அக்கோல் ஈயத்தை நெடுந்தூரம் கொண்டு செல்லும். ஆனால் பிடித்த மீன் கரைக்கு அருகே வந்த பிறகு, அதே விறைப்பு எதிரியாகிவிடும். கடைசிப் பாய்ச்சலில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அந்த நேரத்தில் ரீலின் பிடியைத் தளர்த்தி, கோல் செய்யாததை ரீல் செய்யும்படி விடவேண்டும். மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்ட நீர்நிலைகளில் உரியவர்களின் இசைவு பெற்ற பிறகே தூண்டில் போடவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கோல் எதனால் ஆகியது என்பது அடுத்த கேள்வி. மூங்கில், கண்ணாடி இழை, கரி இழை என்னும் மூன்றும் இன்று கிடைக்கின்றன. கண்ணாடி இழைக்கோல் கனமானது. ஆனால் அடிபட்டாலும் தாங்கும். வளைந்து கொடுக்கும் வகையும் அதில் உண்டு. நான் வாங்கிய கோல் கெட்டதன்று. அது படகிலிருந்து கடல்மீன் பிடிப்பதற்கு ஆனது. இடம் மாறியதுதான் குற்றம். கரி இழைக்கோல் மிக இலேசானது. நெடுநேரம் கையில் வைத்திருக்கலாம். ஆனால் கல்லில் மோதி ஒரு சிறு கீறல் விழுந்தாலும், பிறிதொரு நாள் சுமையேறும்போது சொல்லாமல் முறியும்.

கரி இழைக்கோலில் உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் மின்கம்பிகள் தாழ்ந்து செல்வதை நாம் நாளும் காண்கிறோம். 12 அடிக் கோலைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு அக்கம்பிகளின் கீழே நடப்பதும், அங்கே நின்று கோலை வீசுவதும் உயிரைக் கொண்டுபோகும். கம்பியைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை. மிக நெருங்கினாலே போதும். ஈரமான மூங்கிலையும் நம்பக்கூடாது. மின்கம்பி இருக்கும் இடத்தில் கோலைக் கழற்றித் தரைக்கு இணையாகத் தூக்கிச் செல்லுங்கள். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்புங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

மூங்கிலைப் பற்றிப் பெரியவர் கற்பித்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. கோலுக்கு உரியது உள்ளே பொந்து மிகுந்த பெருமூங்கில் அன்று. உட்புறம் கெட்டியான கல்மூங்கிலே. மூன்றாண்டு முதிர்ந்த கழியாக இருக்கவேண்டும். இளங்கழி உலரும்போது சுருங்கிக் கோணிவிடும். கணுக்கள் நெருங்கியிருக்க வேண்டும். மழை ஓய்ந்து குளிர் நிலைத்த மார்கழி, தை மாதங்களில் வெட்டவேண்டும். தேய்பிறையில் வெட்டவேண்டும் என்பதும் அவர் கொள்கை. பிறையின் செய்தி எப்படியாயினும், மூங்கிலில் மாச்சத்து குறைந்திருக்கும் பருவத்தில் வெட்டினால் உளுத்துப்போகாது என்பது உண்மை. அந்த மாச்சத்தைத்தான் வண்டு தின்கிறது. வெட்டிய கழியைச் சில வாரம் நீரில் ஊறவைப்பதும் அதற்காகவே. பிறகு நிழலில், கனமொன்றைக் கீழே கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தவேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். இடையிடையே எண்ணெய் தடவித் தணலில் வாட்டிக் கோணலை நிமிர்த்தவேண்டும். ஒரு நல்ல கோலுக்கு ஓராண்டாவது வேண்டும். நான் முறித்த கோலை அவர் மூன்றாண்டு உலர்த்தியிருந்தார்.

கோலைப் பிடிக்கும் முறையும் தேர்வைச் சேர்ந்ததே. எத்தனை நல்ல கோலானாலும், மீனை நோக்கி அதை நீட்டிப் பிடித்தால் வளைவு வேலை செய்யாது. நரம்பே முழுச்சுமையும் தாங்கும். அதற்கு மாறாகக் கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்தால் நுனி மட்டும் மடங்கி முறியும். நரம்புக்கும் கோலுக்கும் இடையே ஏறத்தாழச் செங்கோணம் இருக்கும்படி பிடிப்பதே முறை. மீன் ஓடும்போது விடவேண்டும், நிற்கும்போது இழுக்கவேண்டும். மிக மெல்லிய கோலால் மீனை மணிக்கணக்காக அலைக்கழிப்பதும் நல்லதன்று. உண்பதற்கு வேண்டாத மீனையும், மழைக்காலத்தில் சினை தாங்கி வரும் மீனையும் திரும்ப விடவேண்டும். அவை பிழைக்கவேண்டுமானால் விரைவில் கரை சேர்க்கின்ற கோலே வேண்டும். திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தில் தூண்டிலும் மீனும் உவமையாக வருவதை நீங்கள் அறிவீர்கள். சூதாடியின் அவசரம் தூண்டில்காரனுக்கு ஆகாது.

இனி அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். நான் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்டிப்பானவர், என்றாலும் பையன் முதல் பாடவேளை கழித்து வரலாம் என்று இசைந்தார். விட்டுப்போகும் பாடத்தை மாலையில் நான் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. பையன் வந்தான். இரவல் கோல் ஒன்றை வைத்துக்கொண்டு மீன் பிடித்தான். ஆனால் பழைய கோலில் கிடைத்ததில் பாதிதான் கிடைத்தது. பத்தாம் வகுப்பு வரையில் படித்துத் தேறினான்.

அந்த ஆண்டு தை மாதத்தில் பெரியவர், வீங்கிய காலோடு உறவினர் ஒருவரின் மாட்டுவண்டியில் போய்க் கல்மூங்கில் கழி ஒன்றைத் தாமே பார்த்து வெட்டிவந்தார். ஊறவைத்தார், எண்ணெய் தடவினார், மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டார். நான் போகும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்து, "இன்னும் பச்சைங்க வாத்தியாரய்யா. அடுத்த தைக்கு ஆகும்" என்பார். அடுத்த தை வந்தது. கழி உலர்ந்திருந்தது. ஆனால் பெரியவர் அதற்கு முந்திய ஐப்பசி மழையிலேயே காலமாகிவிட்டார்.

நான் ஒரு நிமிடத்தில் முறித்ததை மறுபடியும் உண்டாக்குவதற்கு அவருக்கு மிஞ்சியிருந்த ஆயுள் போதவில்லை. பிற்காலத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களிடமிருந்து எத்தனையோ பொருள்களைப் பறித்து வைத்ததுண்டு. பம்பரம், கோலி, பட்டம், கவண், பிறகு கைப்பேசி. மாலையில் அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எதையும் முறித்ததில்லை.

பேரன் அந்தக் கழியை விட்டத்திலிருந்து இறக்கிய நாளில் என்னையும் அழைத்தான். நுனியில் நரம்பைக் கட்டி, சொம்பைத் தொங்கவிட்டு, தண்ணீரை ஊற்றினான். கோல் பிடிவரை வட்டமாக வளைந்தது. சொம்பை எடுத்தவுடன் நிமிர்ந்தது. "சரியா இருக்கு சார்" என்றான்.

நேயர்களே, கோல் வாங்கப் போகுமுன் ஏரிக்கரைக்குப் போய் நீரைப் பாருங்கள். பிறகு அந்த நீரில் நாள்தோறும் தூண்டில் போடுகிறவரைக் கேளுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். நான் செய்த வரிசை இதற்கு நேர்மாறானது. நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.